பனிமலையை நீக்கியவள்

பாடத்திட்டம் வகுப்பதையே ஒரு முதுகலைப் படிப்பாக நீங்கள் படிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இளையவர்களைப் பார்த்ததும் பூரித்துப்போவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எனக்குப் பூரிப்பும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. உங்கள் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்க வந்த பெண், கையிலிருந்த தடித்த புத்தகத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். அவள் திரும்பி வருவதற்குள் நான் பொருளடக்கம் முழுவதையும் படித்துவிட்டேன்.

"இதெல்லாம் உங்களுக்கு போரடிக்கும் ஆன்டி. ரொம்ப தியரிலா," என்றாள்.

போரடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்தப் புத்தகத்தில் இருந்த கேள்விகளுக்காகத்தான் நான் ஒரு காலத்தில் கடல் தாண்டிப் போக ஆசைப்பட்டேன். அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். அறிவுரை வேண்டுமென்றால் உங்கள் பேராசிரியர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அதற்குத்தான் சம்பளம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பிற்பகுதி. மலாயாவில், கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நான் ஆசிரியை. எங்கள் வீடு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே குவாட்டர்ஸில். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிளார்க்காகச் சேர்ந்தவர். நான் கான்வென்டில் ஆங்கிலம் படித்தேன். ஆங்கிலப் பள்ளிகளில் எனக்கு இடம் கிடைக்கவில்லை, தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. அப்படித்தான் தமிழாசிரியை ஆனேனே தவிர, தமிழ்ப் பற்றினால் அல்ல. பற்றெல்லாம் பிறகு வந்தது. காலை ரயிலில் கிள்ளான் போய், அங்கிருந்து தோட்டத்து லோரியில் பள்ளிக்குப் போவேன். நான் "எண்டு" என்று சொல்லும்போதெல்லாம் வகுப்பு சிரிக்கும். திருத்திக்கொண்டு "என்று" என்று சொன்னால் இன்னும் உரக்கச் சிரிக்கும்.

பயிற்சி பெறாத ஆசிரியர்களுக்குச் சனிக்கிழமைகளில் கோலாலம்பூரில் ஒரு வகுப்பு நடந்தது. அதை நடத்தியவர் சென்னையிலிருந்து வந்தவர். அவர் பெயரை எழுத மாட்டேன், தன் பெயர் அச்சில் வருவது அவருக்குப் பிடிக்காது. நாங்கள் எல்லோரும் ‘சார்’ என்போம். நான் மட்டும் எங்கள் வழக்கப்படி ‘சேர்’ என்பேன். அதற்கும் சிரிப்பார்கள்.

முதல் வகுப்பிலேயே அவர் ஒரு கேள்வி கேட்டார். "ஒரு பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுக்கணும், எதை விட்டுடணும்? இதை யார் முடிவு பண்றா?"  பாடப்புத்தகம் கப்பலில் வரும், நாங்கள் அதை நடத்துவோம். அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும் என்பதே எனக்கு அன்றுதான் உறைத்தது. அன்று வீட்டுக்கு நடந்துவரும்போது வழியிலிருந்த கடைகளோ, ஆட்களோ ஒன்றும் கண்ணில் படவில்லை. மூளைக்குள் யாரோ சன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

சேர் சென்னையில் ஓர் ஆசிரியர் கல்லூரியில் படித்தவர். அங்கே பாடத்திட்டம் வகுப்பதற்கென்றே தனி வகுப்பு உண்டு, கல்லூரியோடு ஒரு மாதிரிப் பள்ளி உண்டு, காலையில் பாடம் எழுதிப் பகலில் அதை நடத்திச் சாயங்காலம் சண்டை போட்டுக்கொள்வார்கள் என்றெல்லாம் சொல்வார். சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். ஊரை விட்டு வந்த மனிதர் அல்லவா? அவர் வீட்டையோ தெருவையோ பற்றிப் பேசி நான் கேட்டதில்லை, அந்தக் கல்லூரியைப் பற்றி மட்டும்தான் பேசுவார். அவர் ஏங்கியது எனக்கும் தொற்றிக்கொண்டது. பார்த்தே இராத ஓர் இடத்துக்காக நான் இரண்டு வருடம் ஏங்கினேன். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வாய்ப்பு வந்தது. தமிழ்க் கல்வியில் அக்கறை கொண்ட சில பெரிய மனிதர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, ஆசிரியர் ஒருவரை அதே கல்லூரிக்கு மேற்படிப்புக்கு அனுப்ப முன்வந்தார்கள். விரும்புகிறவர்கள் மூன்றாம் வகுப்புக்குத் தாங்களே ஒரு பாடத்திட்டம் வகுக்க வேண்டும். பிறகு அதிலிருந்து ஒரு புதிய பாடத்தைத் தங்கள் பள்ளியிலேயே நடத்திக் காட்ட வேண்டும். பள்ளிகளின் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரையும், சேரும், அந்தச் சங்கத்துப் பெரியவர் ஒருவரும் வந்து பார்த்து முடிவு செய்வார்கள்.

வீட்டில் சொன்னேன். அப்பா சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிரம்பானில் எனக்கு ஒரு கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"பிள்ளை, உன்னை எடுத்தினமெண்டால் போ. நானே கப்பலேத்தி விடுறன்," என்றார். "எடுக்கேல்லையெண்டால் சிரம்பான் சம்பந்தத்துக்கு ஓமெண்டு சொல்ல வேணும்."

"ஓமப்பா."

"பிறகு அழக் கூடாது."

"அழமாட்டன்."

அந்தக் காலத்து அப்பாவுக்கு அது பெரிய மனசுதான். அதனால் எனக்குக் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

பாடத்திட்டம் வகுக்க உட்கார்ந்தேன். சேர் எங்களுக்கு ஓதி ஓதிச் சொன்ன விதி ஒன்று உண்டு: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ, பக்கத்தில் இருப்பதிலிருந்து தூரத்துக்குப் போ. உங்கள் தடித்த புத்தகத்திலும் அது இருக்கிறது, மூன்றாம் அத்தியாயம். அன்று பள்ளிகளில் ஓடிய மூன்றாம் வகுப்பு வாசகப் புத்தகம் சென்னையில் அச்சானது. அதில் ‘பனிமலை’ என்றொரு பாடம் இருந்தது. உயரமான மலை, வெள்ளைவெளேரென்று பனி, மேலே ஏற ஏற மூச்சுத் திணறும் மனிதர்கள், கூடவே கறுப்பு மையில் ஒரு மங்கலான படம். படத்தில் பனி எது, வானம் எது என்று எனக்கே தெரியாது. ரப்பர் காட்டுப் பிள்ளைக்குப் பனிமலை எதற்கு? சிவப்பு மையால் குறுக்கே கோடு இழுத்தேன். ‘இம்மாணவரின் வாழ்க்கையோடு தொடர்பற்றது’ என்று ஓரத்தில் எழுதினேன். எழுதிவிட்டு அந்த வாக்கியத்தை நானே இரண்டு தரம் வாசித்து ரசித்தேன். பனிமலை இருந்த இடத்தில் ‘நம் ரப்பர் மரம்’ என்று புதிய பாடம் ஒன்றைப் போட்டேன்.

கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்த சக மாணவர் ஒருவர் எங்கள் சனிக்கிழமை வகுப்பில் இருந்தார். அவரும் போட்டியில் இருந்தார். என் திட்டத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"பனிமலைய எடுத்துட்டீங்களா டீச்சர்? பிள்ளைங்களுக்கு அதான்லா புடிக்கும்."

"பிடித்தது வேறு, பயன்படுவது வேறு," என்றேன்.

"உங்க தமிழே எனக்கு பயமா இருக்கு," என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் திட்டத்தில் பாதி பழையது, பாதி கிள்ளான் பாசாரின் சந்தைக் கடைகள். எனக்கு அது அரைகுறையாகத் தெரிந்தது. சேர் என்னுடையதைத்தான் வகுப்பில் வாசித்துக் காட்டினார். கப்பலுக்கு எந்தப் பெட்டியை எடுத்துப்போவது என்று மனசுக்குள் தேட ஆரம்பித்துவிட்டேன்.

இங்கே ஒன்று விளக்க வேண்டும். தோட்டத்தில் விடியுமுன் ‘பெரட்டு’ என்று ஒன்று நடக்கும். கங்காணி வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, இன்றைக்கு யார் எந்த நிரையில், அதாவது எந்த வரிசை மரங்களில், பால் வெட்டுவது என்று பிரித்துக் கொடுப்பார். என் பிள்ளைகளில் பாதிப்பேர் தாய் தகப்பனோடு அந்தப் பெரட்டுக்குப் போய், காட்டில் மங்கு துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார்கள். மங்கு என்பது பால் வடிய மரத்தில் வைக்கிற கிண்ணம். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பெரட்டை நான் கண்ணால் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நான் பிரிக்ஃபீல்ட்ஸில் தூங்கிக்கொண்டிருப்பேன்.

நடத்திக் காட்டும் நாள் வந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட எங்கள் பள்ளியில், பின்வரிசைக்கு மூன்று நாற்காலிகள் வந்தன. இன்ஸ்பெக்டர் துரை நடுவில், சேர் ஒரு பக்கம், சங்கத்துப் பெரியவர் மறுபக்கம். எல்லோரும் உட்கார்ந்த பிறகு, துணியால் மூடி வைத்திருந்த என் உபகரணங்களை வெளியே எடுத்தேன். உண்மையான மங்கு ஒன்று, பால் வெட்டும் உளி ஒன்று. காலையில்தான் கங்காணியிடம் இரவல் வாங்கினேன். பொருளைக் காட்டிப் பாடம் தொடங்க வேண்டும் என்பது சேர் சொல்லித் தந்தது. மங்கையும் உளியையும் மேசைமேல் வைத்தேன்.

பிள்ளைகள் எழுந்தார்கள். நான் எழச் சொல்லவில்லை. தாமாக எழுந்து, சுவரோரமாக உயரப்படி வரிசையில் நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை. ஒருவரும் ஒருவரை இடிக்கவில்லை. தினமும் தொண்டை கிழியக் கத்தினாலும் எனக்கு அப்படி ஒரு வரிசை அமைந்ததில்லை. இன்ஸ்பெக்டர் துரை தலையை ஆட்டி, சங்கத்துப் பெரியவரிடம் குனிந்து, "நல்ல ஒழுங்கு," என்றார். பெரியவர் மலர்ந்துபோனார். சேர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

நானும் புன்னகைத்தேன். என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் நன்றாக நடக்கிறது என்று தெரிந்தது. இதைக் கவனமாகக் கேளுங்கள். வகுப்பு நீங்கள் கேட்காமலே ஒழுங்காகிவிட்டால் மகிழ்ந்துபோகாதீர்கள். ஏன் என்று முதலில் பாருங்கள்.

வரிசையில் முன்னால் நின்றவள் அஞ்சலை. எட்டு ஒன்பது வயதிருக்கும். வாயாடி. "எண்டு" என்று நான் சொல்லும்போது முதலில் சிரிப்பவள் அவள்தான். அன்று அவள் முகத்தில் அந்த வாயாடியைக் காணோம். இரண்டு கைகளையும் பக்கத்தில் ஒட்ட வைத்துக்கொண்டு, உளியைப் பார்த்தபடி, மெதுவாகக் கேட்டாள்.

"எந்த நெரை டீச்சர்?"

 பாடத்துக்கு என்று நினைத்து நான் மேசைமேல் வைத்ததை அவர்கள் வேலைக்கு என்று நினைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் பெரட்டு தொடங்கிவிட்டது என்று எண்ணி, பிள்ளைகள் ஒழுங்காக வந்து நின்றிருக்கிறார்கள். ஒரு பிள்ளைகூட ஆச்சரியப்படவில்லை. அதுதான் என்னை உலுக்கியது.

பின்னால் மூன்று பேரும் திருப்தியாக உட்கார்ந்திருந்தார்கள். துரைக்கு அஞ்சலை சொன்னது காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் பாடத்தைப் பற்றிய கேள்வி என்று நினைத்திருப்பார். நான் அப்படியே தொடர்ந்திருக்கலாம். "உட்காருங்கள் பிள்ளைகளே, இது என்ன சொல்லுங்கள்?" என்று ஆரம்பித்திருந்தால், அவர்கள் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லியிருப்பார்கள். மரத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது ஏதும் இல்லை. பாடம் அமோகமாக முடிந்திருக்கும். நான் சென்னைக்குப் போயிருப்பேன். இத்தனையும் அந்தக் கணத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். எதை இழக்கிறேன் என்று தெரியாமல் செய்ததாகக் காட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. 

மங்கையும் உளியையும் எடுத்துச் சன்னலுக்கு வெளியே, மண்ணில் வைத்துவிட்டு வந்தேன்.

"எல்லோரும் உங்கள் இடத்துக்குப் போங்கள். இன்றைக்கு வேலை இல்லை. இன்றைக்குப் பனிமலை."

ஒரு கணம் யாரும் நகரவில்லை. பிறகு பெஞ்சுகளுக்குத் திரும்பி ஓடினார்கள். ஓடும்போது ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, கத்திக்கொண்டு, வழக்கமான சந்தைக்கடை ஆனார்கள். சங்கத்துப் பெரியவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். சேர் தன் கையிலிருந்த என் திட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். அதில் பனிமலை இல்லை. நான்தான் நீக்கியிருந்தேனே.

கையில் ஒரு படம்கூட இல்லை. பனியை நான் கண்டதும் இல்லை. "விடிகாலையில் காட்டில் கை எப்படியிருக்கும்?" என்று கேட்டேன்.

"வெறைக்கும் டீச்சர்!"

"விரல மடக்கவே முடியாது டீச்சர்!"

"அதைப் போல எத்தனையோ மடங்கு குளிர். அவ்வளவு குளிரில் தண்ணீர் என்ன ஆகும்?"

கல் ஆகும் என்றான் ஒருவன். செத்துப்போகும் என்றாள் ஒருத்தி. கிள்ளான் மீன் பாசாரில் மரத்தூளுக்குள் ஐஸ் பார்த்ததாக இன்னொருவன் சொன்னான். ஒரு மலை முழுக்க அந்த ஐஸ் என்று நான் சொன்னதும் வகுப்பு நம்ப மறுத்தது. நான் பொய் சொல்கிறேன் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பின்வரிசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"துரை அவர்களே, நீங்கள் பனியைத் தொட்டிருப்பீர்கள். தயவுசெய்து இவர்களுக்குச் சொல்லுங்கள்."

இன்ஸ்பெக்டரைப் பாடத்தில் இழுப்பது யாரும் செய்யாத காரியம். அவர் முகம் சிவந்தது. ஆனால் வகுப்பு முழுக்கத் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறியவர் என்பதால் தப்பிக்கவும் முடியவில்லை. எழுந்து நின்றார்.

"பனி... மிகவும் மெத்தென்று இருக்கும்," என்று தொடங்கினார். "அது விழும்போது சத்தம் கேட்காது. ஒரு சத்தமும் கேட்காது. காலையில் கதவைத் திறந்தால் தோட்டம், வேலி, எதுவும் இல்லை. எல்லாம் வெள்ளை. நானும் என் தம்பியும்... நாங்கள் அதில் மனிதன் செய்வோம். கைகள் வலிக்கும். பிறகு வலிக்காது. அம்மா உள்ளே கூப்பிடுவார்கள், நாங்கள் போக மாட்டோம்."

அவர் தமிழ் அதற்குமேல் போகவில்லை. ஆனால் கைகளால் காட்டிக்கொண்டிருந்தார், பனியை உருட்டுகிற மாதிரி. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அப்படி ஒரு வகுப்பை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அஞ்சலை எழுந்தாள். வாய் திரும்பி வந்துவிட்டது.

"அவ்ளோ நல்லாருந்துச்சுன்னா, அத உட்டுட்டு ஏன் தொரை இங்க வந்தீங்க?"

துரையின் கைகள் காற்றிலேயே நின்றுவிட்டன. சங்கத்துப் பெரியவர் இருமினார்.  துரை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார், முகம் மறுபடியும் இன்ஸ்பெக்டர் முகமானது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்தப் பிள்ளையை அதட்ட வேண்டும், அவ்வளவுதான். "வாயை மூடு, துரையிடம் மன்னிப்புக் கேள்" என்று ஒரு வார்த்தை. சேர் கண்ணாலேயே கெஞ்சினார்.

"நல்ல கேள்வி, அஞ்சலை. உட்கார்," என்றேன்.

பாடம் முடிந்து அவர்கள் கிளம்பும்போது சேர் மட்டும் பின்தங்கினார். லோரி உறுமிக்கொண்டு நின்றது.

"நீ சரியாத்தான் பண்ணினேம்மா," என்றார். "விடிகாலைக் குளிர்லேர்ந்து பனிக்குப் போனியே, அதுதான் நான் இத்தனை நாள் சொன்ன விதி. ஆனா நீ எழுதிக் கொடுத்தது ஒண்ணு, நடத்தினது ஒண்ணு. சொந்தத் திட்டத்தையே கைவிட்டவளை நான் எப்படி சிபாரிசு பண்றது?"

"விளங்குது சேர்."

"அந்தப் பொண்ணையாவது ஒரு அதட்டல் போட்டிருக்கலாம்."

"மனம் வரேல்ல சேர்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லோரியில் துரை காத்திருந்ததால் போய்விட்டார்.

கிள்ளான் நண்பர் தேர்வானார். அவர் நல்ல ஆசிரியர், அதில் சந்தேகமே இல்லை. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் அவரை வழியனுப்ப எங்கள் வகுப்பு முழுவதும் போயிற்று. நானும் மாலை போட்டேன். "நீங்க போக வேண்டிய கப்பல் டீச்சர் இது," என்று அவர் சொன்னார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார், ஆனால் சொல்லாமல் இருந்திருக்கலாம். கப்பல் சின்னதாகிக் கடலில் மறையும்வரை எல்லோரும் கையசைத்தார்கள். நான் அதற்கு முன்பே ரயிலுக்கு வந்துவிட்டேன். கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரை முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். வீட்டுக்குள் போனதும் அப்பா என் கண்ணைப் பார்த்தும் பாராதவர் போலத் திரும்பிக்கொண்டார். அடுத்த வருடம் சிரம்பான் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டேன். அவர் தங்கமான மனிதர், என்னை வேலையை விடச் சொல்லவே இல்லை. இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை. இருந்திருந்தால் அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு ஆறியிருப்பேன்.

போருக்குப் பிறகு நானும் பாடத்திட்டக் குழுக்களில் உட்கார்ந்தேன். படித்தவர்கள் சுற்றி இருப்பார்கள், நான் அனுபவத்துக்காக ஒரு ஓரம். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் பனிமலையை நீக்கலாம் என்பார். வாழ்க்கையோடு தொடர்பற்றது என்பார், ஏறக்குறைய என் வார்த்தைகளிலேயே. நான் எழுந்து சண்டை போடுவேன். சில முறை ஜெயித்தேன், பிறகு தோற்றேன். பக்கத்தில் இருப்பதைச் சொல்லிக்கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பது அதன் முதுகின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் அறைக்குள் உட்கார்ந்து சேர்ப்பதும் நீக்குவதும் வெறும் பாடங்கள் அல்ல. ஒரு பிள்ளை எதற்கெல்லாம் ஆசைப்படலாம் என்று நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். அந்தப் பயம் உங்களுக்கு இருக்க வேண்டும்.

நான் செய்ததே சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அஞ்சலையைப் பல வருடம் கழித்துக் கிள்ளானில் பார்த்தேன். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. பன்னிரண்டு வயதிலேயே பால் வெட்டப் போய்விட்டாளாம். பனிமலைப் பாடம் அவளை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. என்னை அடையாளம் கண்டதும் அதே வாயாடிச் சிரிப்பு.

"அன்னிக்கி அந்த மலையப் பத்தி சொல்லாமயே இருந்திருக்கலாம் டீச்சர்," என்றாள். "இப்பவும் நெனப்பு வருது. காட்டுல கை வெறைக்கிறப்பல்லாம் வருது. போயா பாக்கப்போறோம்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அதற்குப் பதிலாக என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்கள் வகுப்பில் விவாதியுங்கள். எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு என் கணவரோடு தென்னாட்டுக் கோயில்களுக்கு யாத்திரை போனேன். திரும்பும்போது சென்னையில் கப்பலுக்குக் காத்திருந்தோம். அவர் கடைகளுக்குப் போக, நான் ரிக்‌ஷா பிடித்து அந்தக் கல்லூரிக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கூடவே வந்திருப்பார். எனக்கு யாரும் கூட வர வேண்டாம் என்றிருந்தது.

வாசலில் காவல்காரர் எழுந்தார். "யாரைப் பாக்கணும்மா? பேத்தியைச் சேக்கணுமா?"

ஆமென்று தலையாட்டினேன். அவர் உள்ளே கைகாட்டினார்.

தாழ்வாரத்தில் ஓர் அறை திறந்திருந்தது. உள்ளே இளம் விரிவுரையாளர் ஒருத்தி பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பாடத்திட்ட வகுப்புதான். மாணவர்கள் ஒருவரையொருவர் வெட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒரு பாடத்தை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்று. முன்வரிசையில் ஒரு பையன் தப்புத்தப்பாக வாதாடினான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. என் கை தானாக மேலே போயிற்று. தோளுக்கு வந்த பிறகுதான் கவனித்து இறக்கிக்கொண்டேன். மணியடிக்கும்வரை தூணோடு தூணாக நின்று கேட்டேன். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

மாணவர்கள் போன பிறகு அந்தப் பெண் வெளியே வந்து என்னைப் பார்த்தாள்.

"யாரும்மா நீங்க? என்ன வேணும்?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை," என்றேன். "வகுப்புக்கு வந்தனான். பிந்திட்டன்."

என் பேச்சு அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. யாரையோ சேர்க்க வந்தவள் என்று எண்ணியிருக்க வேண்டும். என் கையைப் பிடித்து அன்பாகச் சொன்னாள்.

"அதனால என்னம்மா? நாளைக்குக் காலையில சீக்கிரமா வந்துடுங்க."

சரி என்று சொன்னேன். எங்கள் கப்பல் அன்று மாலை.